எட்டு மாத முழங்கால்

பேசின் பிரிட்ஜ் கால்பந்துக் கழகத்தில் எப்சிபாளுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் ஒரு முழ நீளம். சுருக்கமாகச் சொன்னால், எந்த ஆட்டக்காரரை வாங்குவது, யாரை விற்பது, எப்போது விற்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. ஒரு காலத்தில் பத்து வருடம் மாநிலப் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பராக நின்றவள். அதன் மிச்சமாக வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. நாற்பத்து நான்கு வயதில் அந்தக் கைக்கு இருந்த வேலை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுவதுதான்.

2046 ஜனவரி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. முந்தின நாள் பேசின் அணி, பட்டியலில் முதலிடத்தில் இருந்த கொல்கத்தா அணியை இரண்டுக்கு ஒன்று என்று அடித்திருந்தது. இரண்டு கோலும் கஜபதி போட்டவை. இருபத்தோரு வயது, வியாசர்பாடிப் பையன். புளியந்தோப்பிலிருந்து மூலக்கொத்தளம் வரை தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம் கிடந்தது. அலுவலகத்தில் டீ கொண்டுவந்தவர்கூட அந்த இரண்டாவது கோலை நடித்துக் காட்டிவிட்டுத்தான் கிளாஸை வைத்தார். தாட்சாயணி மட்டும் சிரிக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

தாட்சாயணி கழகத்தின் கணிப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள். ஆட்டக்காரர்களின் காலுறையில் நூலோடு நூலாகப் பின்னிய உணர்விகளும், மைதானத்துக் கேமராக்களும் ஒவ்வோர் அடியையும் அதற்கு அனுப்பும். பாதம் எப்படித் தரையில் படுகிறது, முட்டி எவ்வளவு திரும்புகிறது என்பதையெல்லாம் பல லட்சம் ஆட்டக்காரர்களின் கால்களோடு ஒப்பிட்டு, யாருக்கு எந்த மூட்டு எப்போது போகும் என்று அது சொல்லும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. கழகத்தில் எல்லோரும் ஜோசியர் என்றுதான் சொல்வார்கள்.

"ஜோசியர் கஜாவுக்கு நாள் குறிச்சிட்டார் மேடம்" என்றாள் தாட்சாயணி.

"எங்க?"

"வலது முட்டி. உள்ள இருக்கிற லிகமெண்ட் நார். இப்ப ஆடுற மாதிரியே ஆடினா எட்டு மாசம். நூத்துக்குத் தொண்ணூறு அப்படித்தான்னு சொல்லுது."

"டாக்டர்கிட்ட காட்டினா?"

"காட்ட ஒண்ணுமே இல்லியே. இன்னைக்கு ஸ்கேன் எடுத்தா பொறந்த குழந்தை முட்டி மாதிரி இருக்கும். பந்தை வலது கால்ல வாங்கி, அதே கால்ல நின்னு ஒரு சுத்து சுத்துறான் பாருங்க, அந்தச் சுத்துதான் உள்ள அறுக்குது. அதை விட்டுட்டா முட்டி தப்பிக்கும். ஆனா அதை விட்டுட்டா அவன்கிட்ட வேற என்ன இருக்கு மேடம்? அப்புறம் அவனை மாதிரி நூறு பேர் இருக்காங்க."

எப்சிபாள் டீயை அப்படியே வைத்துவிட்டாள். இந்த அறிக்கை கழகத்தின் சொத்து. ஆட்டக்காரரிடம் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்த விதி. சொன்னால் அவர் பயந்து பயந்து ஓடுவார், கணிப்பே பொய்த்துப்போகும் என்று கழகங்கள் வாதாடின. நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. அந்த வழக்கு நடந்தபோது எப்சிபாள் கழகங்களின் பக்கம்தான் இருந்தாள்.

அன்று மத்தியானமே சேர்மன் சம்பந்தத்தின் அறையில் கூடினார்கள். சம்பந்தத்துக்கு மாதவரத்தில் குளிர்சாதனக் கிடங்குகள். கால்பந்தில் சம்பாதித்தவர் இல்லை, விட்டவர். அவர் எதிரில் பயிற்சியாளர் ஹமீது உட்கார்ந்திருந்தார்.

"எட்டு மாசம் இருக்குல்ல?" என்றார் ஹமீது. "லீக் முடிய நாலு மாசந்தான். அதுவரைக்கும் அவனைக் குடுங்க சார். மொத ரெண்டு எடத்துல வந்தா ஆசியக் கோப்பை. இந்த ஊர்ல இருந்து எவனும் போனது கெடையாது. முப்பது வருஷமா இதுக்குத்தான் விசில் ஊதிக்கினு கெடக்குறேன்."

"அதுக்கப்புறம்?" என்றார் சம்பந்தம். "செப்டம்பர்ல முட்டி போகும். கோப்பையையும் உடைஞ்ச காலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கவா? டென்மார்க்லேர்ந்து ரெண்டு மாசமா கேக்கறாங்க. இந்த ஜனவரிக்குள்ள குடுத்தா, நம்ம விடுதியில தங்கி ஆடிப் பழகுற எழுபது பிள்ளைங்களும் பெண்கள் அணியும் நாலு வருஷத்துக்கு நிம்மதியா இருக்கும். இல்லேன்னா ஜூன்ல விடுதியை மூடறேன். எனக்கு வேற வழி தெரியல."

"அவன்கிட்ட சொல்லிட்டு விக்கலாமே சார்" என்றாள் எப்சிபாள்.

சம்பந்தம் கோபப்படவில்லை. "உட்காரும்மா. சொன்னா என்ன ஆகும்? வெளியில வரும். முட்டிக்கு நாள் குறிச்ச பையனை எந்த கிளப் தொடும்? நமக்குச் சாத்தற கதவை அவனுக்கும் சேர்த்துச் சாத்துவே. அங்க போனா மூணு வருஷச் சம்பளம். கால் உடைஞ்சாலும் குடுத்தாகணும், அது அந்த ஊர்ச் சட்டம். இங்க உடைஞ்சா நான் என்ன குடுப்பேன்? நீயே சொல்லு."

அவர் பொய் சொல்லியிருந்தால் எப்சிபாள் சண்டை போட்டிருப்பாள். அவர் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்ததுதான் கஷ்டம்.

மறுநாள் பயிற்சி முடிந்து கஜபதி குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் டென்மார்க் விஷயத்தைச் சொன்னதும் குழாயை மூடினான்.

"நாலு மாசம் கழிச்சுப் போறேனேக்கா. கோப்பை அடிச்சிட்டுப் போனா கெத்தா இருக்கும்ல?"

"அவங்க இப்பதான் கேக்குறாங்க."

"கோச்சு இன்னா சொல்றாரு?"

"கோச்சு இருன்னுதான் சொல்வாரு. அவருக்கு டீம் வேணும்."

"நீ இன்னா சொல்ற? எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ போன்னா போறேன்."

இன்னொருத்தி இந்த இடத்தில் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்று பிற்பாடு எத்தனையோ தடவை எப்சிபாள் யோசித்திருக்கிறாள். அன்று அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இங்கே இருந்தால் இங்கே உடையும், அங்கே போனால் அங்கே உடையும், அங்கே உடைந்தால் சோற்றுக்குப் பயமில்லை.

"போடா. நல்ல எடம்" என்றாள்.

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று அவள் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். படித்துப் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு பேசின் அணி ஐந்தாவது இடத்தில் முடிந்தது. ஹமீது யாரையும் திட்டாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். விடுதிக்குப் புதுக் கூரை வந்தது. பெண்கள் அணிக்கு ஒரு பஸ் வந்தது. அந்த பஸ்ஸில் போகும் பெண்கள் எப்சிபாளைப் பார்த்தால் கை ஆட்டுவார்கள். அவளும் ஆட்டுவாள்.

சனிக்கிழமைதோறும் டென்மார்க் அணியின் பட்டியலைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. முதல் பதினொரு பேரில் கஜபதி இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை. புது ஊர், பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். செப்டம்பர் வந்தது. தினமும் காலையில் தேடிப் பார்த்தாள். முட்டி போனதாகச் செய்தி இல்லை. ஆடினதாகவும் செய்தி இல்லை.

நவம்பரில் அவனே கூப்பிட்டான்.

"ஆட வுட மாட்றாங்கக்கா. ட்ரெயினிங்னா சைக்கிள்தான். இல்லாட்டி நீச்சல் குளம். பந்தைத் தொட்டே மூணு மாசம் ஆவுது. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல, நீ எங்களுக்கு ரொம்ப முக்கியம்னு சொல்றான்."

"கால்ல வலி கிலி இருக்கா?"

"ஓடுனாத்தானே வலிக்கும்?"

2047-இல் அவனைத் துருக்கிக்கு விற்றார்கள், வாங்கியதைவிட அதிக விலைக்கு. அங்கேயும் சைக்கிள். மறுவருடம் கத்தாருக்கு, இன்னும் அதிகத்துக்கு. ஓர் ஆட்டம்கூட ஆடாதவனின் விலை எப்படி ஏறுகிறது என்று தாட்சாயணிக்கும் விளங்கவில்லை.

அந்த வருடம் சிங்கப்பூரில் கழகங்களின் மாநாடு நடந்தது. சாப்பாட்டு வேளையில் எப்சிபாள், அவனை முதலில் வாங்கிய டென்மார்க் கழகத்து ஹென்ரிக்கைத் தேடிப் பிடித்து எதிரில் உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"கஜபதியை ஏன் நீங்கள் ஆடவிடவில்லை?"

அவர் அவளைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "எட்டு மாத முழங்காலை யாராவது ஆடவிடுவார்களா?"

எப்சிபாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"உங்களிடம் இருக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லையா? தொலைக்காட்சி ஒளிபரப்பே அதற்குப் போதும். வாங்குவதற்கு முன்பே தெரியும். நீங்கள் மறைத்தீர்கள் என்று நான் வருத்தப்படவில்லை. எல்லோரும் மறைப்பதுதான்."

"தெரிந்துமா வாங்கினீர்கள்?"

ஹென்ரிக் முள்கரண்டியை வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். மோசமான மனிதர் இல்லை. வீட்டில் இரண்டு பெண்குழந்தைகள் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"அந்த எட்டு மாதம் காலண்டர் கணக்கு இல்லை. ஓட்டத்தின் கணக்கு. ஓடினால்தான் குறையும். ஓடாவிட்டால் பத்து வருடம் ஆனாலும் அந்த முட்டியில் எட்டு மாதம் அப்படியே இருக்கும். எந்த அணிக்கும் எட்டு மாதம் என்பது ஒரு முழுக் கோப்பை. அந்த மாதிரி ஆட்டக்காரர்கள் உலகத்தில் இருபது பேர் இருந்தால் அதிகம். யாரோ ஒருநாள் அவனை ஆடவைக்கத்தான் வாங்குவார்கள். அதுவரை கைமாறும்போதெல்லாம் லாபம்."

"அந்த யாரோ ஏன் நீங்களாக இருக்கவில்லை?"

"ஆடவைப்பவன் கையோடு அது முடிந்துபோகும். முடிகிற இடத்தில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை."

செங்குன்றத்துக்கு அப்பால் வேலி போட்டு, பெயர்ப்பலகை நட்டு, யாரும் வீடு கட்டாமல் வருடத்துக்கொருவர் வாங்கி விற்கும் மனைகள் அவள் ஞாபகத்துக்கு வந்தன. எழுந்தபோது தட்டில் எல்லாம் அப்படியே இருந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் சம்பந்தத்திடம் போனாள். "திரும்ப வாங்கிடலாம் சார். நாம ஆட வைக்கலாம்."

அவர் கைபேசியில் அவனுடைய அன்றைய விலையை எடுத்துக் காட்டினார். பேசின் கழகத்தை மைதானத்தோடும் பஸ்ஸோடும் விற்றாலும் அதில் பாதி வராது.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா எப்சி?" என்றார்.

ஒரு பத்திரிகையாளரிடமும் பேசிப் பார்த்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல சட்ட விரோதம் எங்க மேடம்? மாசா மாசம் சம்பளம் வருதுல்ல?" என்றார் அவர். வருகிறதுதான்.

2049 மே மாதம் கஜபதி பதினைந்து நாள் விடுமுறையில் ஊருக்கு வந்தான். இருபத்து நான்கு வயது. பாக்சிங் மாஸ்டர் மாதிரித் தோள்கள் பெருத்திருந்தன. கால்களை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போல எச்சரிக்கையோடு வைத்து நடந்தான். அப்பாவுக்குப் பெரம்பூரில் வீடு வாங்கிக் கொடுத்திருந்தான். அந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு சாயங்காலம், துணி காயும் கொடிக்கு அடியில் நின்று, எப்சிபாள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜோசியர் சொன்னது, சேர்மன் அறையில் பேசியது, ஹென்ரிக் சொன்னது. தன்னைப் பற்றியும் எதையும் விடாமல் சொன்னாள்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஆடியிருப்பேன்க்கா."

"உடைஞ்சிருக்கும்டா."

"உடைஞ்சா இன்னா? எட்டு மாசம் ஆடியிருப்பேன்ல? அப்பால ஆட்டோ ஓட்டியிருப்பேன். இவன்தான்டா அந்தக் கஜான்னு சவாரி வர்றவன் சொல்லியிருப்பான்." எதிர் வீட்டைக் காட்டினான். "இப்ப எவனுக்கும் என்னைத் தெரியாதுக்கா. எதுத்த வீட்டு ஆளு, நீ துபாய்ல ஏசி மெக்கானிக்கான்னு கேக்குறான்."

எப்சிபாள் அவன் தோளைத் தொடக் கை நீட்டினாள். தனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்ற, இறக்கிக்கொண்டாள்.

"அந்த எட்டு மாசம் இன்னும் கீதா?" என்று கேட்டான்.

"இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை வியாசர்பாடி மைதானத்தில் தெரு அணிகளுக்குள் ஓர் ஆட்டம். பரிசு ஓர் ஆடும் சுழல்கோப்பையும். கஜபதி யாரோ ஒருவனின் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினான். கத்தார் கழகத்து ஒப்பந்தப்படி தெருவில் பந்தை உதைப்பதே குற்றம். வேண்டுமென்றேதான் இறங்கினான். பிடித்தால் பிடிக்கட்டும், ஒப்பந்தத்தை ரத்து செய்தால் இங்கேயே கிடந்து ஆடலாம் என்பது அவன் கணக்கு. எப்சிபாள் கோட்டுக்கு வெளியே நின்றாள். தடுக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் பந்து அவன் காலில் ஒட்டவில்லை. யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒரு பந்தை வலது காலில் வாங்கினான், அதே காலில் நின்று சுற்றினான், இரண்டு பேர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. ஒரு நொடி மைதானமே அடங்கிவிட்டு, பிறகு கத்தியது. நான்கு கோல் போட்டான். தொண்ணூறு நிமிடமும் ஆடினான். ஒவ்வொரு தடவை அவன் திரும்பும்போதும் எப்சிபாளின் சொந்த முட்டியில் சுரீர் என்றது. அவன் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டம் முடிந்து செம்மண்ணில் மல்லாந்து படுத்து அவன் சிரித்த சிரிப்பை அவள் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. சுற்றிலும் ஐந்நூறு பேர் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சம்பந்தம் அழைத்தார்.

"பார்த்தியாம்மா? அவன் ஆடினது உலகம் பூரா ஓடுது."

"கத்தார்காரங்க ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டாங்களா சார்?" அவள் குரலில் ஆவல் இருந்தது.

"ரத்தா? தலையில வெச்சுக் கொண்டாடறாங்க. மூணு வருஷம் சும்மா கிடந்தவன் துருப்பிடிச்சிருப்பானோன்னு எல்லாருக்கும் சந்தேகம் இருந்தது. நேத்து அது போயிடுச்சு. விலை ரெட்டிப்பு. ஜப்பான்ல ஒரு கிளப் காலையிலேயே வாங்கிட்டாங்க. அஞ்சு வருஷம்."

எப்சிபாள் மேசை மேல் கிடந்த விதிப் புத்தகத்தை இழுத்தாள்.

"அவன் கையெழுத்து போடலேன்னா?"

"கத்தார்லயே இருப்பான். சைக்கிள் மிதிச்சுக்கிட்டு. அவனே வேணாம்னு விலகினா அஞ்சு வருஷம் எந்த நாட்டுலயும் ஆட முடியாது. தெருவுலகூட. விதி அப்படி. அவன் உன்னைத்தான் கேக்கறான். நீ வந்து பேசினாத்தான் போடுவானாம்."

பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் அவன் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை எல்லாப் பக்கத்தையும் படித்திருந்தான்.

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. ஒரே ஒரு லைன் சேத்துக் குடு. வருசத்துக்கு ஒரு மேட்ச். சின்ன மேட்ச்சா இருந்தாலும் பரவால்ல."

அவள் ஜப்பான்காரர்களோடு அன்று முழுக்கப் பேசினாள். நூறு ஒப்பந்தம் முடித்தவள், இந்த ஒரு வரிக்காகக் கெஞ்சினாள், மிரட்டினாள், தன் வேலையை விட்டுவிடுவேன் என்றுகூடச் சொன்னாள். மறுமுனையில் இருந்தவர்கள் கடைசி வரை மரியாதையாகவே பேசினார்கள். வருடத்துக்கு ஒன்று முடியாது. அரை ஆட்டமும் முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கிவந்தார்கள்: ஒப்பந்தம் முடிகிற கடைசி மாதத்தில் ஒரே ஓர் ஆட்டம்.

கஜபதி விரலை மடக்கி எண்ணினான்.

"அப்ப எனக்கு இருவத்தொம்போது வயசு."

"ஆமா."

"எந்த மாசம்?"

"மே."

அவன் பேனாவை எடுத்தான். தாளில் வைக்கப்போனவன் நிறுத்தினான்.

"மே மாசம் அங்க மழை பெய்யுமாக்கா? மழையில அந்த மேட்ச் நின்னுடுச்சுன்னா?"

எப்சிபாளுக்குத் தெரியாது. ஜப்பானை அவள் வரைபடத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"பெய்யாது" என்றாள்.

அவன் கையெழுத்துப் போட்டான்.